முழங்கால் வலி: எந்த அறிகுறிக்கு எம்ஆர்ஐ, எதற்கு வேண்டாம்

16 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். காலையில் கதவைத் திறக்கும்போது வாசலில் காத்திருக்கும் ஏழெட்டுப் பேரில் பாதிப் பேராவது முழங்கால் வலிக்காரர்களாகத்தான் இருப்பார்கள். மடியில் ஒரு பெரிய ஸ்கேன் கவர் இருக்கும். எங்கே வலிக்கிறது, எப்படி ஆரம்பித்தது, எந்த அசைவில் கூடுகிறது என்று கேட்டால், "எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கும் பாருங்க சார்" என்று கவரை நீட்டுவார்கள்.

அது ரிப்போர்ட்டில் இருக்காது. எம்ஆர்ஐ முழங்காலுக்குள் இருப்பதையெல்லாம் காட்டும். அதில் எது வலிக்கிறது என்பதை உங்கள் வலி வந்த விதத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம்.

நம் ஊரில் இரண்டு வேறு பொருள்களுக்கு "ஜவ்வு" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் நார் ஒன்று. முழங்காலின் நடுவில் குறுக்காக ஓடும் ஏசிஎல் (முன் நார்), பிசிஎல் (பின் நார்) என்பவை இந்த வகை. இன்னொன்று மெனிஸ்கஸ். உருண்டை அடிப் பானை ஆடாமல் நிற்கப் பிரிமணை வைப்போமே, அதே வேலைதான் மெனிஸ்கஸுக்கு. தொடை எலும்பின் அடி உருண்டை, கீழே கால் எலும்பின் மேற்பரப்பு ஏறக்குறைய தட்டை. நடுவில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பிரிமணைகள். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், நாரா மெனிஸ்கஸா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு, அவசரமும் வேறு.

கால் திரும்பியது, "டப்" என்றது, சில மணி நேரத்தில் வீங்கிவிட்டது

கபடி, கால்பந்து, பேட்மிண்டன் ஆடுகிறவர்களிடம் அடிக்கடி கேட்கும் கதை. பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பியிருக்கும்.

இங்கே முக்கியமான கேள்வி, வீக்கம் எப்போது வந்தது என்பதுதான். ஓரிரு மணி நேரத்துக்குள் முழங்கால் பொம்மென்று வீங்கினால் உள்ளே ரத்தம் கோர்த்திருக்கிறது என்று பொருள். ஏசிஎல் அறுந்திருக்கலாம், முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு விலகி மறுபடி உட்கார்ந்திருக்கலாம், எலும்பில் விரிசல் இருக்கலாம். மறுநாள் காலையில்தான் வீக்கம் தெரிந்தது என்றால், அது பெரும்பாலும் மூட்டு நீர். மெனிஸ்கஸ் கிழிசலை நினைக்க வேண்டும்.

முதலில் எக்ஸ்ரே. அடிபட்ட எல்லோருக்கும் அதுகூட வேண்டியதில்லை. கனடாவின் ஒட்டாவாவில் 1990களில் ஒரு விதி வகுத்தார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தொட்டால் வலி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பில் வலி, 90 டிகிரிக்கு மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடி எடுத்து வைக்க முடியாமை. இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் கால் எலும்பின் வெளி ஓரத்தில் அரிசி போலச் சின்னதாக ஒரு எலும்புச் சிம்பு பெயர்ந்து தெரிந்தால், ஏசிஎல் அறுந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். பாரிஸில் செகோண்ட் என்ற அறுவை மருத்துவர் 1879இல் விவரித்த முறிவு அது. இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

அப்புறம் கைப் பரிசோதனை. முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பது லாக்மன் சோதனை. நல்ல நார் "டக்" என்று நிறுத்தும். அறுந்த நார் நிறுத்தாது, கால் வழுக்கிக்கொண்டு வரும். முதல் நாள் வீக்கத்திலும் வலியிலும் தசை இறுகியிருப்பதால் இந்தச் சோதனை சரியாக வராமல் போகலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த அறிகுறிக்கு எம்ஆர்ஐ எடுப்பது நியாயம். நல்ல ஏசிஎல் கறுப்பு நாடா போல நேராக ஓடும். அறுந்தது கலங்கலாக, நெளிந்து தெரியும். கூடவே இன்னொரு தடயமும் கிடைக்கும். கால் நழுவிய நொடியில் இரண்டு எலும்பும் மோதியிருக்கும் அல்லவா, அந்த இடங்களில் எலும்புக்குள் நீர் கசிந்து வெள்ளையாக ஒளிரும். அதைப் பார்த்தே கால் எந்தப் பக்கம் நழுவியது என்று சொல்லிவிடுவார்கள். எம்ஆர்ஐயின் உண்மையான பயன், ஏசிஎல்லோடு மெனிஸ்கஸும் போயிருக்கிறதா என்று காட்டுவதில் இருக்கிறது. அறுவையின் திட்டமே அதைப் பொறுத்துதான்.

பைக் விபத்தில் முழங்கால் கோணிப்போய், பாதம் சில்லிட்டு அல்லது மரத்துப் போயிருந்தால் இது எதுவும் பொருந்தாது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக் குழாய் நசுங்கியிருக்கலாம். ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். ரத்தக் குழாய் அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்புங்கள்.

முழங்கால் பூட்டிக்கொண்டது, முழுசாக நீட்ட முடியவில்லை

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். நல்ல காலின் பின்பக்கம் தரையைத் தொடும். வலிக்கிற காலின் கீழே ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி இருந்து, அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்து வந்தால், அது உண்மையான பூட்டு. வலியால் தசை இறுகி நீட்ட முடியாமல் போவது வேறு. வலி தணிந்தால் அது தானாக நீளும்.

உண்மையான பூட்டுக்கு எம்ஆர்ஐயைத் தள்ளிப் போடாதீர்கள். மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, வாளியின் கைப்பிடி போல உள் துண்டு புரண்டு மூட்டின் நடுவில் சிக்கியிருக்கும். எம்ஆர்ஐயில் ஒரு பிசிஎல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருப்பது போலத் தெரியும். சிக்கியது சில வாரங்களுக்குள் என்றால், வெட்டி எடுக்காமல் தைத்துச் சேர்க்க நல்ல வாய்ப்பு உண்டு. பலத்தைப் போட்டு நீட்டி விடுகிறேன் என்று யாரையும் இழுக்க விடாதீர்கள்.

படி இறங்கும்போது பின்பக்கம் "டொக்" என்றது, அன்றிலிருந்து நடக்க முடியவில்லை

இந்தத் தலைப்பில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அதிகமாகத் தவறிப்போவது இதுதான். என் வீட்டிலேயே தவறியது.

அம்மாவுக்கு அப்போது 57 வயது. துணிக்கூடையோடு புழக்கடைப் படி இறங்கினார். முழங்காலுக்குப் பின்னால் ஒரு சத்தம். விழவில்லை, முறுக்கவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் உள்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வலி, குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை, ராத்திரி புரண்டு படுத்தால் எழுந்துவிடுவார். ஒரு மருத்துவமனையில் படுக்க வைத்து எக்ஸ்ரே எடுத்து, "லேசான தேய்மானம், வயசாயிடுச்சுல்ல" என்று வலி மாத்திரையும் உடற்பயிற்சிச் சீட்டும் கொடுத்தார்கள். அந்தச் சீட்டில் உட்கார்ந்து எழும் பயிற்சி இருந்தது. அம்மா ஒரு நாள் விடாமல் செய்தார். நான் வெளியூரில் இருந்தேன்; போனில் கேட்டுவிட்டுச் சரி என்று விட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தைப் பற்றி அன்றே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன். நாலு மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்தபோது, உள்பக்க மெனிஸ்கஸின் பின்வேர் எலும்பிலிருந்து பிய்ந்திருந்தது. மெனிஸ்கஸ் 5 மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது.

பிரிமணையை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் நார் கொஞ்சம் பிய்ந்தாலும் பானை நிற்கும். ஆனால் சுற்றைக் கட்டிய முடிச்சே அவிழ்ந்துவிட்டால்? வளையம் விரிந்து ஒதுங்கிவிடும், பானை தரையில் உட்காரும். மெனிஸ்கஸின் வேர்தான் அந்த முடிச்சு. அது பிய்ந்தால் மெனிஸ்கஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். சுமை முழுவதும் குருத்தெலும்பின் மீது இறங்கி, தேய்மானம் வேகமாக ஓடும். சில பேருக்குக் குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பே சுமை தாங்காமல் மெல்லியதாக விரிசல் விடும். அந்த விரிசல் எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் தெரியவே தெரியாது. எம்ஆர்ஐயில் எலும்பு வெள்ளையாக ஊறியிருக்க, நடுவில் கறுப்பாக ஒரு கோடு ஓடும்.

தரையில் உட்கார்ந்து எழுந்து பழகிய 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம். எனவே நீங்களோ அம்மாவோ அத்தையோ, "இன்ன நாள், இன்ன நேரம், இந்தப் படியில்" என்று வலி தொடங்கிய நொடியையே சொல்ல முடிகிறது என்றால், அதை வெறும் தேய்மானம் என்று விடாதீர்கள். தேய்மானத்துக்குத் தேதி கிடையாது. எம்ஆர்ஐ கேளுங்கள். எடுக்கும் வரை முழு மடக்கும், குத்துக்காலிடுவதும் வேண்டாம். கைத்தடி வைத்து நடக்கட்டும். ரிப்போர்ட்டில் "ரூட் டேர்" (வேர்க் கிழிசல்) என்ற சொல்லும், மெனிஸ்கஸ் 3 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தள்ளியிருப்பதும் தேட வேண்டிய குறிப்புகள். குருத்தெலும்பு நன்றாக இருக்கும் கட்டத்தில் பிடித்துவிட்டால் வேரை மறுபடி எலும்போடு சேர்த்துத் தைக்க முடியும். அம்மாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

50 வயதுக்கு மேல், மெதுவாக வந்த வலி, காலையில் கொஞ்ச நேரம் விறைப்பு

நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போதும். "நின்றபடி" என்ற சொல்லை அழுத்திச் சொல்லுங்கள். படுத்திருந்தால் மூட்டு இடைவெளி விரிந்து நல்லதாகத் தெரியும். உடம்பின் எடை மூட்டின் மேல் இறங்கினால்தான் எலும்புகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று தெரியும். எம்ஆர்ஐயும் படுத்தபடி எடுப்பதுதான்.

இந்த வயதில் எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது ஒன்று கண்டிப்பாகத் தெரியும், அதுதான் சிக்கல். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு. மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ எதுவுமே இல்லை. கிழிசலோடு நிம்மதியாக நடந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பின்லாந்தில் இன்னும் துணிச்சலான ஒரு ஆய்வு, 2013இல் வந்தது. வயதால் வந்த மெனிஸ்கஸ் கிழிசல் உள்ள 146 பேரில் பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெட்டியது போலப் பாவனை மட்டும். ஒரு வருடம் கழித்து இரண்டு கூட்டத்தின் வலியிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. மெதுவாக வந்த வலிக்கு எம்ஆர்ஐ எடுத்து, கிழிசலைப் பார்த்துப் பயந்து, நேராக ஆபரேஷன் தேதி வாங்கும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு வாருங்கள் என்கிறேன்.

மாடி ஏறி இறங்கும்போதும், சினிமாவில் உட்கார்ந்து எழும்போதும் முன்பக்கம் வலி

சில்லுக்கு அடியில் வரும் வலி, இளம் வயதினருக்கு அதிகம். எம்ஆர்ஐ வேண்டாம். இடுப்பு, தொடைத் தசைகளின் பயிற்சிதான் வைத்தியம். 12, 13 வயதில் ஓடி ஆடும் பிள்ளைக்கு சில்லுக்குக் கீழே எலும்பு மேடு தட்டி, தொட்டால் வலித்தால், அது வளர்ச்சிக் காலத்துத் தொந்தரவு. அதற்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆனால் சில்லு ஒரு தடவையாவது பக்கவாட்டில் விலகி மறுபடி உட்கார்ந்திருந்தால் எம்ஆர்ஐ எடுக்கலாம். சில்லைப் பிடிக்கும் உள்பக்க நார் அறுந்திருக்கிறதா, குருத்தெலும்புத் துண்டு ஏதும் உடைந்து மிதக்கிறதா என்று அதில் தெரியும்.

முழங்காலுக்குப் பின்னால் கட்டி, அல்லது கெண்டைக்காலில் வீக்கம்

பின்பக்கம் மெத்தென்று புடைத்தால் பெரும்பாலும் மூட்டு நீர் பின்னால் தேங்கிய பை. சாதாரண அல்ட்ராசவுண்ட் போதும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் அந்தப் பை உடைந்திருக்கலாம், அல்லது ரத்தம் உறைந்து ரத்த நாளத்தை அடைத்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்.

மூட்டு சூடாக, சிவந்து, காய்ச்சலும் இருக்கிறது

எம்ஆர்ஐக்கு வரிசையில் நிற்காதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாளிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை, அதுவும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன். அதே நீரில் ஊசி வடிவப் படிகங்கள் தெரிந்தால் யூரிக் அமிலத்தால் வரும் கவுட். சிக்குன்குனியா வந்து போன பிறகு பல மூட்டுகளில் வலி என்றால் அதற்கு வேண்டியது ரத்தப் பரிசோதனை.

வாரக்கணக்கில் மெல்ல வீங்கி, தொடை சூம்பி, சாயங்காலம் காய்ச்சல், எடைக் குறைவு என்றால் மூட்டுக் காசநோயை நினைக்க வேண்டும். இங்கே எம்ஆர்ஐ உதவும். ஆனாலும் மூட்டு உறையிலிருந்து சதை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

வளரும் பிள்ளைக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஒரே இடத்தில் புடைப்பு

"விளையாடும்போது இடிச்சுக்கிட்டான்" என்று எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்துவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பதின்வயதில் எலும்புப் புற்று அதிகம் வருவது முழங்காலைச் சுற்றித்தான். அந்த வாரமே எக்ஸ்ரே. சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ, அதற்கப்புறம்தான் சதை எடுப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. சதை எடுத்த பிறகு ஸ்கேன் எடுத்தால், ஊசி போன தடமும் ரத்தக் கசிவும் படத்தைக் குழப்பிவிடும். அந்த இடத்தைத் தேய்த்து நீவிவிட வேண்டவே வேண்டாம்.

ஸ்கேன் எடுத்தேன், படம் சரியாக வரவில்லை

பெரும்பாலும் இரண்டு காரணம்: அசைவு, உலோகம். முழங்காலுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். கால் முதலில் உள்ளே போகும், தலை பெரும்பாலும் வெளியே இருக்கும், அதனால் மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம். சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பான் கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, வலி அதிகமென்றால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை போட்டுக்கொண்டு போனால் ஆடாமல் படுக்கலாம். எந்த இடத்தில் வலி என்று ஸ்கேன் எடுப்பவரிடம் விரலால் தொட்டுக் காட்டுங்கள். கட்டி இருந்தால் அதன் மேல் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டிவிடுவார்கள்; படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரிந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண், சேலையில் குத்திய ஊக்கு, கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் அம்மாக்கள் தயங்குவார்கள். முதல் நாளே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கோர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் மனசுக்கும் நிம்மதி. உலோகத் தாள் ஒட்டிய வலி பிளாஸ்திரி இருந்தால் உரித்துவிடுங்கள், சுடும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் போட்ட கிளிப், பழைய அறுவையில் வைத்த எதுவானாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். லேத், வெல்டிங் வேலை செய்தவர் என்றால் கண்ணில் இரும்புத் தூள் போயிருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. படம் எடுக்காதபோதும் அது ஓய்வதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் உறவினரோடு ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஓர் இளைஞர் இறந்துபோனார். கூட வருகிறவருக்கும் இதே விதிதான்.

ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்துவிட்டேன்

மெனிஸ்கஸில் கிரேடு 1, கிரேடு 2 என்றால் உள்ளே நிற மாற்றம் மட்டும், கிழிசல் இல்லை. மேற்பரப்பைத் தொடும் கிரேடு 3தான் கிழிசல். "எஃப்யூஷன்" என்றால் நீர் கோர்த்திருக்கிறது. "மியூகாய்ட் டிஜெனரேஷன்" ஏசிஎல் பற்றி எழுதியிருந்தால், நார் ஊறித் தடித்திருக்கிறது, அறுந்துவிடவில்லை. "மேரோ எடிமா" என்பதை மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் விசாரியுங்கள். எலும்பு ஏன் ஊறியது என்பதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் சிடியையும் படங்களையும் எடுத்துப் போங்கள்.

எம்ஆர்ஐ நார்மல், வலி மட்டும் போகவில்லை

முழங்காலை விட்டு மேலே போங்கள். இடுப்பு மூட்டும் முதுகுத்தண்டும் தங்கள் வலியை முழங்காலுக்கு அனுப்பும்.

13 வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டி வந்தார். இரண்டு மாதமாக முழங்கால் வலி. எக்ஸ்ரே, எம்ஆர்ஐ இரண்டும் முழங்காலுக்கு எடுத்து, இரண்டும் சுத்தமாக இருந்தன. கொஞ்சம் குண்டான பையன். அறைக்குள் நடந்து வரும்போதே அந்தப் பக்கப் பாதம் மட்டும் வெளியே திரும்பியிருந்தது. படுக்க வைத்து இடுப்பை மடக்கினேன். தொடை நேராக நெஞ்சுக்கு வரவில்லை, தானாக வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டு போனது. உள்பக்கம் திருப்பினால் கத்தினான். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தால், தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருந்தது. அதற்கப்புறம் அவனை ஓர் அடிகூட நடக்க விடவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துக் காருக்கு அனுப்பினோம். மறுநாள் திருகு போட்டார்கள்.